டெல்லிக் குளிரில் செடிப் பெட்டி: விளக்கு மட்டும் தேறியது

மண் வேண்டாம், விதையைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் டிசம்பரிலும் பச்சை இலை என்று விளம்பரம் வருமே, அப்படிப்பட்ட ஹைட்ரோபோனிக் பெட்டி ஒன்றை மயூர் விஹாரில் எங்கள் சமையல் மேடையில் குளிர்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். கீழே தண்ணீர்த் தொட்டி, சின்ன மோட்டார், பஞ்சுக்குள் விதை, மேலே எல்இடி. கம்பெனி பெயர் வேண்டாம், விஷயம் அதுவல்ல.

விளக்கு நிஜமாகவே நல்ல விளக்கு. ஜனவரியில் மூடுபனியும் புகையும் சேர்ந்து வெயிலைக் கண்ணில் காட்டாத நாட்களிலும் செடி வெளிறி நீளவில்லை, டைமரே போட்டு அணைத்துவிடும்.

ஆனால் சூட்டுக்கு வழி செய்யவே இல்லை. வீடு முழுக்க ஹீட்டர் ஓடும் தேசங்களை நினைத்துச் செய்த சாமான் போலிருக்கிறது. இங்கே நாம் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரும் சாக்ஸுமாக உட்கார்ந்திருக்கிறோம், தொட்டித் தண்ணீரில் விரல் வைக்க முடியாது. பேசில் (இத்தாலியச் சமையலில் போடும் துளசி வகை) விதை ஒழுங்காக முளைக்க 20 டிகிரிக்கு மேல் வேண்டும், அது கிடைக்காமல் பஞ்சில் பாசிதான் பிடித்தது. பெட்டியை ஃப்ரிட்ஜ் ஓரமாக, பக்கவாட்டில் வெதுவெதுப்பு வரும் இடத்துக்கு நகர்த்திய பிறகுதான் முளை எட்டிப் பார்த்தது. அப்புறம் நன்றாகவே வந்தது, பாஸ்தாவுக்குப் போதும், ரசத்துக்கு ஆகாது.

கொத்தமல்லிக்கு இதை வாங்குவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். டெல்லியில் அதற்குக் குளிர்காலம்தான் சீசன், காய்க்காரரே கொசுறாகப் போடுவார். அக்டோபரில் தனியாவை லேசாக நசுக்கி இரண்டாக்கி பால்கனித் தொட்டியில் தூவினால் மார்ச் வெயிலில் பூ விடும்வரை கிள்ளிக்கொண்டே இருக்கலாம். வெந்தயக்கீரையும் அப்படித்தான், அது இன்னும் சீக்கிரம் முளைக்கும். ஆழமாக வேர் விடும் கொத்தமல்லியைக் கட்டைவிரல் அளவு பஞ்சில் வளர்ப்பது வீண் வேலை.

நம் வீடுகளின் நிஜக் கவலை கருவேப்பிலை. அதற்கு இந்தப் பெட்டியில் இடமே கிடையாது. குளிரில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்படாமல் தண்ணீரைக் குறைத்து, உரம் போடாமல் விடுங்கள், குளிர் விட்டதும் துளிர்க்கும். அதுவரை கடையில்தான் வாங்கியாக வேண்டும்.

நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்தோம். வெயில் எட்டிப் பார்க்காத ஃப்ளாட் என்றால் தனியாக ஒரு குரோ லைட்டும் (செடி வளர்க்கும் விளக்கு) சாதாரண மண் தொட்டியும் போதும், இதில் பாதிகூட ஆகாது. ராத்திரி மோட்டார் உறுமலும் இருக்காது.