ஐந்நூறு வெள்ளிக்கு மலைச் சைக்கிள்: புதிதா, பழையதா?

கையில் ஐந்நூறு வெள்ளி. சிங்கப்பூரில் மலைச் சைக்கிள் வேண்டும். இப்படித் தேடுகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. டெக்கத்லான் போன்ற பெரிய கடையிலோ பேட்டைச் சைக்கிள் கடையிலோ போய்ப் புதிதாக வாங்கலாம். பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் தேடி, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் சும்மா நிற்கும் பழையதை வாங்கலாம். இணையச் சந்தையில் பணம் கட்டினால் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும், முன்பின் கேட்டிராத பெயர் கொண்ட புதுச் சைக்கிளையும் வாங்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, மிஞ்சினால் இரண்டு என்று ஓட்டப் போகிறவருக்கு இவற்றில் எது தேறும் என்பதுதான் இங்கே பேச்சு. வாரம் தவறாமல் காட்டுப்பாதைக்குப் போகிறவர்கள் ஐந்நூறில் நிற்கமாட்டார்கள். அவர்கள் கணக்கு வேறு.

என் கட்சி பழையது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: உங்களுக்கு மலைச் சைக்கிள்தான் வேண்டுமா?

பூங்கா இணைப்புப் பாதைகள் தீவு முழுக்க 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. பெரும்பாலும் தார், சிமென்ட். உட்லண்ட்சிலிருந்து தஞ்சோங் பகார் வரை போகும் 24 கிலோமீட்டர் பழைய ரயில் பாதையில் சில இடங்களில் சரளையும் மண்ணும் உண்டு. அதற்கும் சற்று அகலமான டயர் போதும். உங்கள் ஓட்டம் இவ்வளவுதான் என்றால் முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் வெறும் சுமை. அதே காசுக்கு, சாலைக்கும் லேசான மண்பாதைக்கும் பொதுவான ஹைபிரிட் சைக்கிள் எடையில் இரண்டு மூன்று கிலோ குறைவாக, நன்றாகவே கிடைக்கும். புக்கிட் பாஞ்சாங் பக்கம் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் எட்டுக் கிலோமீட்டர் சைக்கிள் தடம், புக்கிட் தீமா தடம், உபின் தீவின் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா, இந்த மூன்றில் ஒன்றுக்காவது போகப்போவது நிச்சயமானால் மேலே படியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மடக்க முடியாத சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். மடக்கு சைக்கிளுக்கும் 120, 70, 40 சென்டிமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஆகவே ஈசூனிலோ ஜூரோங்கிலோ இருக்கிறவர் தடம்வரை தார்ச் சாலையில் மிதித்துத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் வேனுக்குக் காசு கொடுக்க வேண்டும். காட்டுப்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்ட, சாலையில் இரண்டு மணி நேரம் மிதிக்கிற ஊர் இது. எடை இங்கே கௌரவப் பிரச்சினை இல்லை, முழங்கால் பிரச்சினை.

அட்டைப் பெட்டிச் சைக்கிளை முதலில் முடித்துவிடுவோம். "மச்சான், இருநூத்தம்பது வெள்ளிதான்டா, முன்னாடியும் பின்னாடியும் ஸ்பிரிங் இருக்கு" என்று யாராவது படம் அனுப்பினால் அன்போடு மறுத்துவிடுங்கள். பின்பக்க சஸ்பென்ஷன் என்பது ஒரு ஸ்பிரிங் மட்டும் அல்ல. மூட்டுகள், அவற்றுக்குள் பேரிங்குகள், எண்ணெயும் காற்றும் கொண்டு அதிர்வை அடக்கும் ஷாக் என்று ஒரு தொகுப்பே அதன் பின்னால் வேலை செய்கிறது. அதை ஒழுங்காகச் செய்த சைக்கிள் ஆயிரங்களில்தான் கிடைக்கும். இருநூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைப்பது வெறும் ஸ்பிரிங். ஒவ்வொரு மிதியிலும் உங்கள் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். இரும்புச் சட்டத்தோடு சேர்த்து எடையும் ஏறிவிடும். கடைசிப் பூட்டுவேலை வேறு உங்கள் தலையில். முன்ஃபோர்க்கைப் பின்னால் திருப்பி மாட்டிய சைக்கிள்களை பூங்கா இணைப்புப் பாதையில் இன்றைக்கும் பார்க்கலாம். ஓட்டுகிறவருக்கு அது தெரிவதே இல்லை.

இனி உண்மையான போட்டி. ஒரு பக்கம் நானூறு முதல் ஐந்நூறு வெள்ளிக்குள் புதிது: டெக்கத்லானின் ராக்ரைடர் வரிசையில் கீழ்ப்படிகள், இந்தோனேசியாவின் பாலிகனில் தொடக்க நிலை. மறுபக்கம், வாங்கியபோது ஆயிரத்தை ஒட்டிய விலையில் இருந்து இப்போது பாதிக்கு வரும் பழையது: ஜயன்ட் டேலன், மெரிடா பிக் நைன், பாலிகன் எக்ஸ்ட்ராடா, இந்த ரகம். சட்டம் இரண்டிலும் அலுமினியம்தான். அதில் பெரிய வித்தியாசம் பார்க்க முடியாது. வித்தியாசம் சட்டத்தில் தொங்குகிறவற்றில்.

முக்கியமானது பின்சக்கர ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்கூடு. விற்பனைக் குறிப்பில் யாரும் இதை எழுதமாட்டார்கள். ஏழு கியர் பல்லடுக்கு கொண்ட மலிவுச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும். பல்லடுக்கு ஹப்பின்மேல் மரையோடு ஏறுவதால் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்துவிடுகிறது. ஆக்ஸில் எனும் சக்கர அச்சின் நீண்ட துண்டு ஒன்று தாங்கல் இல்லாமல் நிற்கிறது. எண்பது, தொண்ணூறு கிலோ ஆள் செஸ்ட்நட்டின் வேர்களில் இறங்கி இறங்கி ஏறினால் அந்த ஆக்ஸில் வளையும், ஒருநாள் முறியும். பல்லடுக்கு மரை இல்லாமல் ஹப்பின்மேல் நழுவி ஏறும் கேசட் முறையில் பேரிங் ஆக்ஸில் நுனிக்கு அருகே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. ஆயிரம் வெள்ளிச் சைக்கிளில் கேசட் இருக்கும். ஐந்நூறு வெள்ளிப் புதுசில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாங்கும்முன் கடைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே கடையின் தரமும் தெரிந்துவிடும்.

அடுத்து ஃபோர்க். மலிவு ஃபோர்க்கில் இரும்புச் சுருள் ஸ்பிரிங். நடுத்தர எடை ஆளை மனத்தில் வைத்துச் செய்தது. ஐம்பத்தைந்து கிலோ ஆளுக்கு அது அசையாது, தொண்ணூறு கிலோ ஆளுக்குக் கடைசிவரை அமுங்கி அடி தட்டும். காற்று ஃபோர்க்கில் சின்ன பம்பால் அவரவர் எடைக்கு அழுத்தம் ஏற்றிக்கொள்ளலாம். எடையும் குறைவு. அந்தப் பம்பைத் தனியாக வாங்க வேண்டும். ஐந்நூறுக்குப் புதிதில் காற்று ஃபோர்க்கை எதிர்பார்க்காதீர்கள். பழையதில் பொறுமையாகத் தேடினால் அமையும். புதுசின் பக்கம் நின்று ஒன்று சொல்லவேண்டும்: சுருள் ஃபோர்க் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் சுமாராக இயங்கிக்கொண்டே இருக்கும். காற்று ஃபோர்க்குக்குப் பராமரிப்பு உண்டு. ராக்ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது. மாதம் இரண்டு முறை ஓட்டுகிறவருக்கு அது ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும், பயப்பட வேண்டாம். ஆனால் முந்தைய உரிமையாளர் அதைச் செய்திருக்கவே மாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

பிரேக்கில் பழையது தெளிவாக முந்துகிறது. சிங்கப்பூர் மழைக்கும் செம்மண் சேற்றுக்கும் டிஸ்க் கட்டாயம். பழையவற்றில் எதிர்பார்க்கக்கூடிய, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் ஒரு விரலில் நிற்கும். ஐந்நூறுக்குள் புதியவற்றில் கேபிள் டிஸ்க்தான் சகஜம். அதுவும் நிற்கும், கேபிளை அடிக்கடி இறுக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. கியரைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. முன்னால் மூன்று பல்வட்டமா ஒன்றா என்பது ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மாற்றிவிடாது. கியர் செய்யும் ஷிமானோவின் கீழ்ப்படியான டூர்னிக்கும் மேற்படிகளான அல்டஸ், அலிவியோவுக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். 1973 முதலே இங்கே தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் அது. பாகம் கிடைக்காமல் தவிக்க மாட்டீர்கள்.

பழையது ஏன் இங்கே இவ்வளவு மலிவு? 2020இல் கோவிட் கிருமிமுறியடிப்புக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக்கிடந்தபோது ஊரே சைக்கிள் வாங்கியது. கடைகளில் சரக்குத் தீர்ந்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். வேலையும் பள்ளியும் பழையபடி திரும்பியதும் அவற்றில் எத்தனையோ தாழ்வாரச் சுவரோரம் ஒதுங்கிவிட்டன. இடம் அடைக்கிறது, நகர மன்றத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது, வீட்டுக்காரம்மா ஒரு பார்வை பார்க்கிறார். படத்தை எடுத்துக் கரோசெல்லில் போட்டுவிடுகிறார்கள். "வாங்கினதோட சரி, ஓட்டவே இல்ல" என்று விளம்பரத்தில் பெருமையாகவும் எழுதுவார்கள்.

அந்த வரியைப் பார்த்து மயங்காமல் கொஞ்சம் உஷாராக இருங்கள். இந்த ஊர்க் காற்றில் ஓடிய சைக்கிளைவிட ஓடாமல் நின்ற சைக்கிள்தான் சீக்கிரம் கெடும். கடற்கரைப் பக்கத்துப் புளோக் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்காதீர்கள், எங்கே நின்றது என்று கேளுங்கள். வீட்டுக்குள் நின்றதற்கும் மழைச்சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில் நின்றதற்கும் நூறு வெள்ளி வித்தியாசம் தாராளமாக உண்டு.

பார்க்கப் போகும்போது எம்ஆர்டி நிலைய வாசலில் சந்திக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். விற்பவரின் புளோக்கின் கீழே, பகல் வெளிச்சத்தில். முதலில் சீட்டுக் கம்பியைத் தளர்த்தி மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அலுமினியக் கம்பி சட்டத்துக்குள் அரித்துப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தால் கிளம்பிவிடலாம். அதை எடுக்கிற செலவில் பாதிச் சைக்கிள் வந்துவிடும். அடுத்து ஃபோர்க்கின் மேற்குழாய்களைத் துணியால் துடைத்து, நகத்தால் வருடுங்கள். கீறலோ துருப்புள்ளியோ நகத்தில் தட்டினால் சீல் போயிருக்கும், அல்லது போகப்போகிறது. பிரேக் பிடியை அழுத்தியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கைப்பிடிவரை போனால் உள்ளே காற்றோ கசிவோ இருக்கிறது. செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணிகள், அதாவது 24 ஊசி இடைவெளி, புதிதில் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அளவுகோலில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினோடு கேசட்டும் போச்சு. சட்டத்தில், ஃபோர்க் நுழையும் தலைக்குழாயின் பற்றவைப்பைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று கைப்பேசி விளக்கில் பாருங்கள். டயர் ஓரம் வெடித்திருப்பது குறை அல்ல, பேரம் பேச ஒரு வழி. கடைசியாகச் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியச்சுக்குக் கீழே பொறித்த எண்ணையும் வாங்கிய ரசீதையும் ஒப்பிடுங்கள். ரசீது இல்லாதது குற்றமில்லை. எண்ணைச் சுரண்டியிருந்தால் மட்டும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பார்க்கும்முன் பேநவ் பணப்பரிமாற்றத்தில் முன்பணம் கேட்பவரிடமும் அப்படியே.

26 அங்குலச் சக்கரம் கொண்டவை இருநூறுக்குக்கூட வரும். சட்டம் அருமையாக இருந்தாலும் நல்ல ஃபோர்க்கும் டயரும் வருடா வருடம் அரிதாகிக்கொண்டே போகின்றன. 27.5 அல்லது 29 என்று நின்றுகொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் ஐந்நூறையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடக்கூடாது. பழையதென்றால் செயின், பிரேக் பேட், டியூப், பேட்டைக் கடையில் ஒரு முழு சர்வீஸ் என்று நூற்றைம்பது ஒதுக்க வேண்டும். புதியதென்றால் தலைக்கவசம், முன்விளக்கு, பின்விளக்கு, பூட்டு. சாலையில் ஏறினால் தலைக்கவசமும், இருட்டினால் விளக்கும் சட்டப்படியே கட்டாயம். மலேசியாவின் ஜொகூரில் மலிவு என்று போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஜிஎஸ்டி விலக்கு நூறு வெள்ளிக்குத்தான், மீதிக்கு அறிவித்து வரி கட்ட வேண்டும். உத்தரவாதத்துக்கும் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

உபினுக்கு மட்டும், அதுவும் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம். படகுத் துறையை விட்டு இறங்கினால் வாடகைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. ஓட்டிப் பார்த்து, பிரேக் சரியாக இருப்பதை எடுங்கள்.

பழையதுக்கு நான் தரும் ஓட்டில் ஒரு விலக்கு உண்டு: ஆள் உயரம். கரோசெல்லில் வருபவற்றில் நடு அளவும் பெரிய அளவும்தான் அதிகம். 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்கள், குறிப்பாகப் பெண்கள், தங்கள் அளவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். "சீட்டை இறக்கிக்கலாம் சிஸ்டர்" என்று விற்பவர் சொல்லுவார். சீட்டை இறக்கலாம், சட்டத்தின் நீளத்தைக் குறைக்க முடியாது. அவர்கள் கடைக்குப் போய், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று பார்த்து, ஏழு கியராக இருந்தாலும் பரவாயில்லை என்று புதிதையே எடுப்பது நல்லது. எடை குறைந்த ஆளுக்கு அந்த ஃப்ரீவீல் ஆக்ஸிலும் அவ்வளவு சுலபமாக வளைந்துவிடாது.