தருமபுரியில் ஒரு பல் மருத்துவமனையும் கறை நீங்கிய என் பீங்கான் பல்லும்

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள ஒரு பல் மருத்துவமனைக்கு ஆறு மாதங்களாகச் சென்று வருகிறேன். பீங்கான் பல் ஏன் நிறம் மாறுகிறது என்ற என் நெடுநாள் கேள்விக்கு விடையும் தீர்வும் அங்குதான் கிடைத்தன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் என்னும் பீங்கான் வகையில் செய்த கேப் (பல்லின் மேல் ஒட்டும் உறை) போட்டுக்கொண்டேன். ஒட்டிய பின் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாகப் பட்ட இடத்தை வைர முனைக் கருவியால் தேய்த்து, அத்துடன் அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு நாக்கு அந்த இடத்தையே தேடிப் போனது. புதிதாகக் கொத்திய அம்மியைத் தடவுவது போலிருந்தது. ஓராண்டுக்குள் அங்கே தேநீர் நிறத்தில் ஒரு திட்டு படிந்தது. "நம்ம ஊர்த் தண்ணி அப்படி" என்றார்கள் நண்பர்கள். புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல் பழுப்பேறியவர்கள் இங்கே ஏராளம். அதற்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமும் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அந்தப் பழுப்பு, சிறு வயதில் பல் உருவாகும்போதே எனாமலில் ஏற்படும் பாதிப்பின் விளைவு. சூளையில் வெந்து வந்த பீங்கானுக்கு அது வர வழியில்லை.

இங்குள்ள மூத்த மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து பார்த்துவிட்டு, "கறை பீங்கானுக்குள்ள போகல சார், மேல இருக்கிற கீறல்ல உட்கார்ந்திருக்கு" என்றார். கேப்பைச் செய்யும் லேபில் இறுதியாகச் சூளையில் வைத்து ஏற்றும் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு மிக மெல்லியது. கடியைச் சரிசெய்யத் தேய்த்தால் அந்த இடத்தில் அது போய்விடும். அடியில் வெளிப்படும் சொரசொரப்பில் தேநீர், காபி, வெற்றிலைச் சாறு, குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து ஆகியவற்றின் கறை எளிதில் தங்கும். சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிப் படலமும் கூடுதலாகப் பிடிக்கும்.

வாயில் ஒட்டிய கேப்பை மறுபடி சூளைக்கு அனுப்ப இயலாது என்பதால் மெருகூட்டல்தான் வழி. நீர் தெளித்துக்கொண்டே கரடு, நடுத்தரம், நுண்மை என மூன்று ரப்பர் சக்கரங்களை வரிசை மாறாமல் ஓட்டி, முடிவில் வைரப் பசையைத் தூரிகையால் தேய்த்தார். இடையில் ஒன்றைத் தவிர்த்தால் முந்தைய சக்கரத்தின் கீறல் அப்படியே நின்றுவிடுமாம். இருபது நிமிடத்தில் திட்டு மறைந்தது. நாக்குக்கும் பல்லுக்கும் இருந்த பகை தீர்ந்தது. கட்டணம் 600 ரூபாய்.

அந்த நம்பிக்கையில் மேல் பல் ஒன்றுக்கும் இங்கேயே கேப் போட்டேன். பல் உலர்ந்தால் வெளுத்துத் தெரியும் என்பதால், சிகிச்சையைத் தொடங்குமுன்பே பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். பல் நிற அட்டையில் ஏ1 முதல் டி4 வரையிலான 16 மாதிரிகளில் எதுவும் என் பக்கத்துப் பல்லின் வெண்திட்டுகளோடு பொருந்தவில்லை. சலிக்காமல் புகைப்படம் எடுத்து சேலத்திலுள்ள லேபுக்கு அனுப்பினார். கேப் வந்ததும் ஒட்டாமல் பொருத்திப் பார்த்து, கடியைச் சரிசெய்து, கிளேஸ் ஏற்ற மறுபடி சேலத்துக்கு அனுப்பினார். கூடுதலாக நான்கு நாள் ஆனது. அந்தத் தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை.

குறை வேறிடத்தில் உண்டு. சென்ற மாதம் பல் சுத்தம் செய்த பிறகு, இளைய மருத்துவர் ஒருவர் அமிலத்தன்மை கொண்ட புளோரைடு ஜெல்லை எடுத்தார். அது கிளேஸை அரிக்கக்கூடியது. மூத்தவர் தற்செயலாகப் பார்த்து, அமிலமில்லாத ஜெல்லைப் பூசச் சொன்னார். இத்தகைய செய்தி ஒருவர் கண்ணில் படுவதை நம்பியிருக்கக் கூடாது என்று சொன்னேன்; மறுப்பின்றி ஏற்றுக்கொண்டு, "பீங்கான் பல் இரண்டு, அமில ஜெல் கூடாது" என்று என் அட்டையின் முகப்பிலேயே சிவப்பு மையில் எழுதினார்கள்.