தண்டின் ஒரு முனையிலிருந்து கட்டுப்பாடு: பேக்ஸ்டெப்பிங்கா, எல்.க்யூ.ஆரா?

உள்ளேயே வெப்பம் உற்பத்தியாகும் ஒரு மெல்லிய தண்டை எடுத்துக்கொள்வோம். அதன் நீளமும் வெப்பப் பரவல் கெழுவும் 1. இடது முனை எப்போதும் சுழியத்தில் நிற்கிறது. வலது முனையின் வெப்பநிலை மட்டுமே நம் கையில் இருக்கிறது; அதை வைத்தே தண்டு முழுவதையும் சுழியத்துக்கு அடக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் வெப்பநிலையின் லாம்டா மடங்கு வெப்பம் பிறக்கிறது என்றால், லாம்டா 9.87-ஐத் தாண்டியதும் தண்டு நிலைகுலைகிறது. நான் எடுத்துக்கொண்ட 20-இல் முதல் பாங்கு (தண்டின் வெப்பநிலைப் பரவலைக் கட்டமைக்கும் அடிப்படை வடிவங்களில் முதலாவது) 10.13 வீதத்தில் வளரும். இரண்டாவது தானே அடங்கிவிடும்.

முதல் வழி, தண்டைப் புள்ளிகளாக வெட்டி, ரிக்காட்டி என்னும் அணிச் சமன்பாட்டைத் தீர்த்து, எல்.க்யூ.ஆர். கட்டுப்பாட்டை, அதாவது விலகலுக்கும் கட்டுப்பாட்டு ஆற்றலுக்குமான மொத்தச் செலவைக் குறைக்கும் கட்டுப்பாட்டைப் பெறுவது. பாடத்தில் படித்த கருவிகளே போதும் என்பது இதன் வசதி.

இரண்டாவது வழி, சிமிஷ்லியாயெவும் கிர்ஸ்டிச்சும் 2004-இல் முன்வைத்த பேக்ஸ்டெப்பிங். வோல்ட்டெரா வகைத் தொகையீடு (இடது முனையிலிருந்து அந்தந்த இடம் வரை மட்டும் கூட்டுவது) ஒன்றின் மூலம் சமன்பாட்டையே லாம்டா இல்லாத சாதாரண வெப்பச் சமன்பாடாக உருமாற்றி, அந்த உருமாற்றம் வலது முனையில் என்ன கேட்கிறதோ அதையே கட்டுப்பாடாகக் கொடுக்கிறோம். மாறிலியான லாம்டாவுக்கு இதன் எடைச்சார்பு (ஒவ்வோர் இடத்தின் வெப்பநிலைக்கும் கட்டுப்பாட்டில் எவ்வளவு எடை என்பது), பெசல் சார்பு என்ற நன்கறிந்த கணிதச் சார்பைக் கொண்ட ஒற்றை வரிச் சூத்திரமாகவே கிடைத்துவிடுகிறது. லாம்டா 20 எனில் எடையின் அளவு இடது முனையில் சுழியம், நடுப்பகுதியில் 22-க்குச் சற்று மேல், வலது முனையில் சரியாக 10.

இரண்டையும் கணினியில் ஓட்டிப் பார்த்தபின் நான் பேக்ஸ்டெப்பிங்கைத் தேர்ந்தேன், காரணம் பராமரிப்பு. 40 புள்ளிகளை 80 ஆக்கியபோது ரிக்காட்டியை மீண்டும் தீர்க்க வேண்டியிருந்தது. பேக்ஸ்டெப்பிங்கிலோ அதே சூத்திரத்தில் புதிய புள்ளிகளை இட்டதோடு வேலை முடிந்தது. லாம்டா மாறினாலும் ஓர் எண்ணைத்தான் திருத்துகிறோம். இன்னும் வேகமாக அடங்க வேண்டுமானால், லாம்டாவின் இடத்தில் 20-க்குப் பதில் 25 என்று எழுதினால் போதும். அடங்கும் வீதம் 5 கூடிவிடும். மாறாக, எல்.க்யூ.ஆருக்காகப் புள்ளிகளாக வெட்டிய மாதிரியில் விடுபட்ட பாங்குகள் கட்டுப்பாட்டால் கிளறப்படும் ஆபத்து வேறு இருக்கிறது. நெகிழும் கட்டமைப்புகளில் இதை மார்க் பாலாஸ் 1978-இலேயே சுட்டிக்காட்டினார்.

எல்.க்யூ.ஆருக்கு ஒரு நியாயம் உண்டு. அது கட்டுப்பாட்டு ஆற்றலுக்கும் விலை வைக்கிறது. பேக்ஸ்டெப்பிங்கோ தானே அடங்கக்கூடிய பாங்குகளுக்கும் சேர்த்து லாம்டா முழுவதையும் நீக்கப் பார்க்கிறது. முனையில் உள்ள ஹீட்டரின் திறன் குறைவாக இருந்தால் என் தேர்வு மாறியிருக்கக்கூடும். அந்த வரம்போடு நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

ஒரு பரிமாணத்தைத் தாண்டியும் எனக்குப் பழக்கமில்லை. பக்கத்துக்கு 50 புள்ளிகள் கொண்ட சதுரத் தகட்டில் ரிக்காட்டி அணி 62.5 லட்சம் உறுப்புகளாகப் பெருகும் என்பது தெரிந்ததே. ஆனால் ஒழுங்கற்ற வடிவத் தகட்டுக்கு பேக்ஸ்டெப்பிங்கின் ஒற்றை வரிச் சூத்திரமும் கைகொடுக்காது. தண்டிலேயே லாம்டா இடத்துக்கு இடம் மாறினால்கூட, எடைச்சார்புக்கான சமன்பாட்டைப் படிப்படியான தோராயங்களால் எண்முறையில் தீர்க்க வேண்டும். அப்போது லாம்டா மாறும்போதெல்லாம் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஆனால் எடை அப்போதும் சார்பாகவே கிடைப்பதால், புள்ளிகளைக் கூட்டுவதற்காக மட்டும் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதில்லை.