சூரியகாந்தி 50 கில்டரா, குட்டி இளவரசன் 50 பிராங்கா?

நெதர்லாந்தோட பழைய சூரியகாந்தி 50 கில்டர் நோட்டு, பிரான்ஸோட பழைய குட்டி இளவரசன் 50 பிராங்க் நோட்டு, சேகரிப்புக்கு இந்த ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா எதை வாங்குறதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. எனக்கு நெதர்லாந்து நோட்டுதான். 1982-ல நோட்டு டிசைனர் ஓக்ஸநார் டிசைன் பண்ணது, ராஜாவும் இல்ல ராணியும் இல்ல, மஞ்சளும் ஆரஞ்சுமா முழு நோட்டையும் அடைச்சிக்கிட்டு ஒரு சூரியகாந்திப் பூ, கிட்ட வச்சுப் பாத்தா அதுல ஒரு தேனீ உக்காந்திருக்கும். இந்த மனுஷன் இதுக்கு முன்னாடி 1972-ல போட்ட, தத்துவ அறிஞர் ஸ்பினோசா படம் இருக்குற 1000 கில்டர் நோட்டுல, ஸ்பினோசாவோட தலைமுடிக்குள்ள தன்னோட விரல் ரேகையையே ஒளிச்சு வச்சவரு, அவ்ளோ ஆசையா நோட்டு வரைஞ்சிருக்காரு!

பிரான்ஸ் நோட்டு 1993-ல வந்துச்சு, நீலக் கலர், சுவிஸ்காரர் ரோஜர் ஃபுண்ட் வரைஞ்சது. எழுத்தாளரும் பைலட்டுமான செயின்ட் எக்சுபெரி முகம், பக்கத்துல அவர் எழுதுன கதையோட நாயகன் குட்டி இளவரசன், பின்னாடி பழைய பிரெகே விமானம். முதல்ல அடிச்சதுல அவர் பேர்ல (Saint-Exupéry) முதல் 'E' எழுத்து மேல, இருக்கக்கூடாத ஒரு உச்சரிப்புக் கோட்டைப் போட்டுட்டாங்க, அப்புறம் திருத்துனாங்க, வாங்குறப்போ அந்த எழுத்தை லென்ஸ் வச்சுப் பாருங்க.

யூரோ வந்ததும் 2002-ல ரெண்டும் போச்சு. ஆனா பிராங்கை மாத்துற கெடு 2012 பிப்ரவரியோட முடிஞ்சது, சூரியகாந்தியை 2032 வரைக்கும் நெதர்லாந்து மத்திய வங்கியில குடுத்தா 22.69 யூரோ கிடைக்கும். நான் குடுக்க மாட்டேன், அந்த மஞ்சளை எப்படிங்க குடுக்குறது.