டிஃப்ராக்கா, செக்டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? ஹார்ட் டிஸ்க் திணறும்போது எதை முதலில் தொடுவது?

வீட்டுக் கம்ப்யூட்டர் நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது என்று சொன்னால் போதும், ஒருவர் டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யச் சொல்வார், ஒருவர் செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை பார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்டச் சொல்வார், இன்னொருவர் பேசாமல் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டே இல்லாத சிப் டிஸ்க்) போட்டுவிடு என்பார். மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. ஆனால் இடம் மாறிச் செய்தால் கோப்புகளே கைவிட்டுப் போகலாம். அந்த அனுபவம் எனக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நோய் டிஸ்க்கில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று காட்டும்போது, பக்கத்திலேயே மெமரியும் 90%-ஐத் தாண்டி நிற்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் ரேம்தான் போதவில்லை. மெமரியில் கொள்ளாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாக அல்லாடுகிறது. மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் மட்டும் திணறினால், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற எண்ணைக் கவனியுங்கள். வேலைப்பளுவில் அது சில பத்து மில்லிவினாடிகளுக்கு ஏறுவது ஹார்ட் டிஸ்க்குக்குச் சகஜம். பெரிய வேலை எதுவும் ஓடாதபோதே ஆயிரக்கணக்கில் போனால் டிஸ்க்கின் உடல்நிலையைச் சந்தேகிக்க வேண்டும்.

சகஜம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். வேண்டிய இடம், தட்டைப் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் அதிகம். தலை நகர்வதற்கு இன்னொரு 9 என்று வையுங்கள். ஒரு சின்னத் துண்டைப் படிக்க 13 மில்லிவினாடி. ஒரு வினாடிக்கு 75 துண்டுகள். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் வினாடிக்கு வெறும் 300 கிலோபைட்! ஒரு பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது 150 மெகாபைட் வரை தரக்கூடிய அதே டிஸ்க்தான் இது. விண்டோஸ் பூட் ஆகும்போது கேட்பதெல்லாம் இப்படிச் சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகள்.

டிஃப்ராக் இந்தச் சிதறலை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே அது வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், நாம் கையால் ஓட்டிப் பெரிய மாற்றம் பார்ப்பது அரிது. டிஸ்க் நிரம்பி வழிந்து, அப்புறம் நிறைய அழித்து இடம் உண்டாக்கியிருந்தால் ஒருமுறை ஓட்டலாம்.

செக்டிஸ்க் விஷயம்தான் எனக்கு முக்கியம். கட்டளையோடு எஃப் (/f) போட்டு ஓட்டினால் ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவேட்டின், கணக்குவழக்கை மட்டும் சரிசெய்யும். ஆர் (/r) போட்டால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் (தகவல் எழுதப்படும் சின்னக் கட்டம்) படித்துப் பார்க்கும், மணிக்கணக்கில் ஆகும். தள்ளாடும் டிஸ்க்குக்கு அது மூச்சுமுட்டும் வேலை. நான் பேக்கப் எடுக்காமல் இரவு ஆர் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கம்ப்யூட்டருக்கு அந்த டிஸ்க் இருப்பதே தெரியவில்லை. சில வருடப் புகைப்படங்கள் அதோடு போயின. செக்டிஸ்க் நம் கோப்புகளைக் காப்பாற்றுவதற்கான கருவி அல்ல என்பதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அதனால் எதையும் ஓட்டுவதற்கு முன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் படியுங்கள். அவற்றைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 05, சி5 (C5), சி6 (C6) ஆகிய மூன்று வரிகளின் ரா வேல்யூவைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள், சி6 என்பது சரிசெய்ய முடியாதவை. எண்கள் வழக்கமாக ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) இருக்கும், அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள். அப்படி ஒன்று குறுக்கிட்டால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். மவுஸ் மட்டும் நகர்ந்து மற்றதெல்லாம் உறைந்து நிற்கும் அந்தப் பல வினாடிகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். சி5 ஏறியிருந்தால் டிஃப்ராக்கும் வேண்டாம், செக்டிஸ்க்கும் வேண்டாம். முக்கியமானதை முதலில் நகலெடுங்கள், பிறகு டிஸ்க்கை மாற்றுங்கள்.

சி7 மட்டும் ஏறியிருந்தால் கதை வேறு. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தகவல் பழுதாகிறது, அநேகமாக இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான். அந்த எண் பழையபடி பூஜ்யத்துக்குத் திரும்பாது. எனவே அதைக் குறித்துவைத்து, கேபிளை மாற்றி, மேலும் ஏறுகிறதா என்று சில நாள் பாருங்கள். இருப்பதிலேயே மலிவான வைத்தியம் இது. பலர் இதை யோசிப்பதே இல்லை.

டிஸ்க் ஆரோக்கியம், ஆனாலும் மெதுவு என்றால் விண்டோஸை மறுபடி நிறுவுவதா, எஸ்.எஸ்.டி.யா? மறுநிறுவல் கொஞ்ச நாள் சுகம் தரும். பின்னணியில் ஓடும் புரோகிராம்கள் குறைவதால் வருவது அது. மேலே போட்ட 13 மில்லிவினாடிக் கணக்கு மாறாது. எஸ்.எஸ்.டி.யில் அதே வேலை 0.1 மில்லிவினாடி அளவில் முடிகிறது. என் ஓட்டு சந்தேகமில்லாமல் இதற்கே. பழைய மதர்போர்டில் சாட்டா 2 போர்ட்தான், வினாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் போகாது என்றாலும் தயங்க வேண்டாம், நமக்குத் தேவை அந்தக் காத்திருப்பு ஒழிவதுதான். இன்னும் வேகமான, விலையுயர்ந்த என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.க்கும் சாதா சாட்டா எஸ்.எஸ்.டி.க்கும் அன்றாட வேலையில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

நல்ல டிஸ்க் என்றால் அப்படியே எஸ்.எஸ்.டி.க்குக் குளோன் (முழு டிஸ்க்கின் நகல்) செய்துவிடலாம். சி5 ஏறிய டிஸ்க்கில் சாதாரண குளோன் மென்பொருள் பாதியில் நின்றுபோகக்கூடும். லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குக் கடைசியாகத் திரும்பும்.

ஆரோக்கியமான பழைய ஹார்ட் டிஸ்க்கை வீடியோ, பேக்கப் வைக்க உள்ளேயே விட்டுவைக்கலாம். சும்மா இருந்தால் விண்டோஸ் அதன் சுழற்சியை நிறுத்திவிடும். பிறகு முதல்முறை திறக்கும்போது சில வினாடி காக்கவைக்கும். அது பழுது அல்ல, தட்டு மறுபடி சுழன்று வேகம் பிடிக்கும் நேரம். பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.