சும்மா வைத்திருந்தாலும் கசியும்: எஸ்இ/30 உடன் நீண்ட நாள் பழக்கம்

ஆப்பிளின் பழைய மேசைக் கணினியான மேக்கின்டோஷ் எஸ்இ/30 என்றாலே 68030 பிராசசர், 128 எம்பி வரை ஏற்றக்கூடிய மெமரி, இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு வேகமா என்கிற வியப்பு, இவைதான் முதலில் பேச்சில் வரும். எல்லாமே உண்மை. பழைய கணினிகளில் கை வைக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் அதற்குள் போகவில்லை. பல வருடங்களாக இது என் மேசையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அண்மையில் சிப்புகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அதன் மெயின் போர்டை மறுபடியும் வெளியே எடுத்துப் பழுது பார்க்க வேண்டி வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்தப் பதிவில் பெரும்பகுதி ஒரே ஒரு உதிரிபாகத்தைப் பற்றித்தான் இருக்கும்.

போர்டின் மேல் ஒட்டியிருக்கும், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்துக் கொடுக்கும் அலுமினியக் கெப்பாசிட்டர்களைச் சொல்கிறேன். பெரும்பாலானவை 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். சுண்டுவிரல் நகம் அளவே உள்ள வெள்ளி நிற டப்பிகள். உள்ளே அலுமினியத் தகடு சுருட்டி வைத்திருக்கும், நடுவே எலக்ட்ரோலைட் என்ற மின்கடத்தும் திரவத்தில் ஊறிய காகிதம், அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. 1980களின் பிற்பகுதியில் இந்த எலக்ட்ரோலைட்டுக்குக் குவாட்டர்னரி அம்மோனியம் உப்புகளைப் பயன்படுத்தும் வழக்கம் பரவியது. சின்ன டப்பிக்குள்ளேயே நன்றாக வேலை நடந்தது. ஆனால் அந்தத் திரவத்தில் நெகட்டிவ் முனையின் பக்கம் காரம் உருவாகி, அது ரப்பர் அடைப்பையே மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். அடைப்பு தளர்ந்ததும் திரவம் வெளியே வருகிறது, போர்டில் பரவுகிறது.

வெளியே வந்த திரவம் இரண்டு வேலை செய்யும். ஈரமாக இருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தும், அதனால் தொடர்பே இல்லாத இரண்டு டிராக்குகள் (போர்டில் ஓடும் செப்புக் கோடுகள்) ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். நாள்பட்டால் செம்பை அரிக்கும். சால்டர் பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாகும், பச்சைப் பூச்சு உரியும், ஐசியின், அதாவது சிப்பின், கால்கள் கறுக்கும். சால்டரிங் அயர்னை வைத்த உடனே அழுகிய மீன் நாற்றம் வந்தால் அங்கே கசிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எஸ்இ/30 இல் இது முதலில் காதில்தான் தெரியும். கணினி எழும்போது வரும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். ஒலி சிப்புகளைச் சுற்றி இந்தக் கெப்பாசிட்டர்கள் நிறைய இருப்பதால் அந்தப் பகுதிதான் முதலில் அடி வாங்கும். மற்ற எல்லாமே சரியாக ஓடிக்கொண்டிருப்பதால் பலர் ஸ்பீக்கரைச் சந்தேகப்படுவார்கள், வால்யூமை ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் தேய்வதுதான் எச்சரிக்கை. அதைத் தவறவிட்டால், ஒரு நாள் ஸ்விட்சைப் போட்டதும் திரை முழுக்க வரிவரியாகக் கோடுகள் நிற்கும். பிராசசர் வேலையைத் தொடங்கவே இல்லை என்று அதற்கு அர்த்தம். வீடியோ மெமரியில் கிடக்கும் குப்பையை அப்படியே எடுத்துத் திரையில் காட்டிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு டிராக் அறுந்திருக்கலாம், மெமரி அல்லது அதற்குப் பக்கத்தில் செருகியிருக்கும் ரோம் சிம் (கணினி எழும்போது படிக்கும் நிரந்தர நிரல் இருக்கும் சின்ன அட்டை) சரியாக உட்காராமல் இருக்கலாம். அவற்றை முதலில் கழற்றி, காண்டாக்டைத் துடைத்து மாட்டிப் பாருங்கள். அப்புறம் மல்டிமீட்டரை எடுங்கள்.

என்னை எரிச்சலூட்டுவது கசிவு மட்டும் இல்லை. ஓடி ஓடித் தேய்ந்த ஒரு பொருள் கெட்டுப்போனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிளாப்பி டிரைவின் பற்சக்கரம் உடைந்தால், பிக்சர் டியூப் மங்கினால், சரி, உழைத்த பொருள் என்று ஏற்றுக்கொள்ளலாம். இந்தக் கெப்பாசிட்டருக்கு உழைப்பும் ஓய்வும் ஒன்றுதான். துணி போர்த்தி, தூசி படாமல், பத்திரமாக அலமாரியில் வைத்த கணினியையும் அது உள்ளிருந்து அரிக்கும். சொல்லப்போனால் அப்படி வைத்ததுதான் மோசம், ஏனென்றால் சத்தம் குறைவதைக் கேட்க யாரும் இல்லை. நல்ல நிலையில் இருக்கிறது, பல வருடமாகத் தொடவே இல்லை என்று ஒருவர் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவது அதனால்தான்.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்தக் கணினி வெளிவந்தது 1989 ஜனவரியில், விற்பனை நின்றது 1991இல். வடிவமைத்தவர்கள் சில வருட உழைப்பை நினைத்து வரைந்தார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஒருவர் இதில் கட்டுரை தட்டிக்கொண்டிருப்பார் என்று எந்த எஞ்சினியரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அந்தக் காலத்தில் வந்த எத்தனையோ கணினிகளிலும், கேமராக்களிலும், டேப் டெக்குகளிலும் இதே டப்பிகள் இதே மாதிரிதான் கசிகின்றன. குற்றவாளி என்று ஒருவரை நிறுத்த வழியில்லை. நிறுத்த வழியில்லை என்பதால் கோபம் குறைவதும் இல்லை.

இந்த முறை பழுது வந்த விதம்தான் என்னை எழுத வைத்தது. என் போர்டு ஏற்கெனவே ரீகேப் செய்யப்பட்டது, அதாவது பழைய கெப்பாசிட்டர்களை எடுத்துப் புதியவை போட்டது. எனக்கு முன்பு வைத்திருந்தவர் யாரிடமோ கொடுத்துப் புதுக் கெப்பாசிட்டர்கள் போட்டு வாங்கியிருந்தார். சால்டரிங் அழகாகவே இருந்தது. ஆனால் போட்டவர் போர்டைக் கழுவவில்லை. பழைய திரவம் ஐசிகளின் அடியிலும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் சின்ன துளைகளுக்குள்ளும் அப்படியே இருந்திருக்கிறது. மேலே புத்தம் புது உதிரிபாகம், கீழே பழைய அரிப்பு. ஒலி சிப்புக்கு அடியில் போகும் ஒரு டிராக் முழுதாகப் போயிருந்தது, பக்கத்திலேயே இரண்டு துளைகளின் உள் பூச்சும் கரைந்திருந்தது. மெல்லிய எனாமல் கம்பியால் பாலம் போட்டு உயிர் கொடுத்திருக்கிறேன்.

ரீகேப் ஆனது என்ற ஒரு சொல்லை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மாற்றுவது பாதி வேலை, கழுவுவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிதான் போர்டைக் காப்பாற்றுகிறது. பழைய டப்பிகளை எடுத்ததும், புதியதைப் போடுவதற்கு முன்பே, அவற்றின் கால்கள் ஒட்டியிருந்த ஒவ்வொரு பேடிலும் இருக்கும் பழைய சால்டரை முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும். ஐசிகளின் கால்களுக்கு நடுவே பிரஷ் போக வேண்டும், அடியில் ஆல்கஹால் புகுந்து வெளியே வர வேண்டும். அல்ட்ராசானிக் கிளீனர் கிடைத்தால் இன்னும் நல்லது. பேட்டரி, ரோம், மெமரி எல்லாம் கழற்றிய வெறும் போர்டைத் தண்ணீரில் கழுவினாலும் ஒன்றும் ஆகாது. முழுக்கக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கழுவி முடித்த பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் உண்மையான சேதம் தெரியும். அழுக்கோடு இருக்கும் போர்டு தன் நோயை மறைத்துக்கொள்ளும்.

புதிதாக எதைப் போடுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. அதே அலுமினியத்தைப் போட்டால் பார்க்க அசல் மாதிரி இருக்கும், இன்னொரு சில பத்தாண்டு கழித்து அதே கதை. நான் டான்டலம் என்ற உலோகத்தில் செய்த திட வகைக் கெப்பாசிட்டரைப் போட்டேன், அதில் கசிய எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அலுமினிய டப்பியின் தலையில் இருக்கும் கறுப்புப் பட்டை நெகட்டிவ் முனை. டான்டலத்தில் இருக்கும் பட்டை பாசிட்டிவ். பட்டைக்குப் பட்டை பொருத்தி மாட்டினால் டான்டலம் தலைகீழாக உட்காரும், மின்சாரம் கொடுத்ததும் பொசுங்கும். போர்டில் அச்சிட்டிருக்கும் பிளஸ் குறியை மட்டும் பார்த்து வேலை செய்யுங்கள். டான்டலம் வேண்டாம் என்றால் செராமிக் போடலாம், அதற்குத் திசையே கிடையாது.

மற்ற பராமரிப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவற்றில் எனக்குக் கோபம் இல்லை. போர்டில் இருக்கும் 3.6 வோல்ட் அரை ஏஏ லித்தியம் பேட்டரியை, கணினி கைக்கு வந்த அன்றே எடுத்துவிடுங்கள். அது வெடித்துக் கசிந்தால் கெப்பாசிட்டரெல்லாம் ஒன்றுமே இல்லை, போர்டு துருவாகவே போய்விடும். பேட்டரி இல்லாமலும் எஸ்இ/30 ஓடும், தேதி மட்டும் 1904க்கோ 1956க்கோ போய் நிற்கும். பிளாப்பி டிரைவில் கிரீஸ் இறுகியிருக்கும், டிஸ்க்கை வெளியே தள்ளும் மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் நொறுங்கும். மாற்றுச் சக்கரங்கள் கிடைக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கை நான் எடுத்துவிட்டு, எஸ்டி கார்டை அந்தக் காலத்து ஸ்கஸி வகை டிஸ்க்காகக் காட்டும் புளூஸ்கஸி போர்டைப் போட்டிருக்கிறேன், தொந்தரவே இல்லை. மஞ்சளித்த பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் காட்டி வெளுக்கும் வேலையில் நான் இறங்கவில்லை. வெளுத்த பிளாஸ்டிக் மறுபடி மஞ்சளாவதை நிறையப் பார்த்தாயிற்று. பின்பக்க மூடியைத் திறப்பவர்கள் பிக்சர் டியூபை மதியுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம், அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாமல் உள்ளே கை விடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? அந்தத் திரைக்காக. ஒன்பது அங்குலம், 512க்கு 342 புள்ளிகள், கறுப்பும் வெள்ளையும் மட்டும். சாம்பல் நிறம்கூடக் கிடையாது. காகிதம் போன்ற வெள்ளையில் எழுத்து கூர்மையாக நிற்கும். அங்குலத்துக்கு 72 புள்ளி என்று அளந்து செய்த திரை என்பதால், 12 பாயின்ட் எழுத்து காகிதத்தில் எந்த அளவில் வருமோ அதே அளவில் திரையிலும் இருக்கும். விசையைத் தொட்டதும் எழுத்து வந்து விழும், நடுவில் எதுவும் குறுக்கிடாது. இன்றைய கணினிகளில் எனக்குக் கிடைக்காத ஒரு நிதானம் இதில் கிடைக்கிறது. முதல் வரைவை இதில் எழுதினால் வாக்கியம் நேராக வருகிறது. இது என் கற்பனையாகக்கூட இருக்கலாம், இருந்தாலும் பல வருடமாக மாறாத கற்பனை.

இன்னொரு சந்தோஷம், இந்தக் கணினிக்கு மற்றவர்கள் செய்துவைத்த நல்லது. இதன் ரோமுக்கு, நிறைய மெமரியை எட்டத் தேவைப்படும் முழு 32 பிட் முகவரிகளைக் கையாளத் தெரியாது. அப்படியே விட்டால் எவ்வளவு மெமரி ஏற்றினாலும் 8 எம்பிக்கு மேல் பயன்படாது. கனெக்டிக்ஸ் நிறுவனம் எழுதிய மோட்32 என்ற சின்ன மென்பொருள் அந்தத் தடையை நீக்கியது, ஆப்பிளே அதற்கு உரிமம் வாங்கி 1991இல் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. ரோம் தனி சிம்மில் இருப்பதால், அதையே கழற்றிவிட்டு ஆர்வலர்கள் செய்யும் புதிய ரோமை மாட்டவும் முடிகிறது. சிஸ்டம் 7.5.5 வரை ஓடுகிறது. ஈதர்நெட் கார்டு மாட்டும் ஸ்லாட்டும் இருக்கிறது. உச்சியில் கைப்பிடியோடு நிற்கும் இந்தப் பெட்டிக்குள் இவ்வளவு இடம் கொடுத்து வரைந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

நெருங்கிய நண்பர் ஒருவர், தனக்கும் ஒரு எஸ்இ/30 கிடைக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு புகழ்ந்த பிறகு நான் சொல்லும் பதில், வேண்டாம் என்பதே. சால்டரிங் அயர்ன் பிடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையும் இல்லை, எழுத ஒரு பழைய கணினி வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு 1987இல் வந்த சாதாரண எஸ்இ போதும். பெட்டி கிட்டத்தட்ட அதே, திரை அதே, கீபோர்டும் மவுசும் அதே. பிராசசர் பழைய 68000, மெமரி 4 எம்பிக்கு மேல் ஏறாது, வேகத்தில் எஸ்இ/30 பக்கத்தில் நிற்காது. ஆனால் அதன் போர்டில் இருப்பவை துளையில் கால் நுழைத்துப் பொருத்திய நீள உருளைக் கெப்பாசிட்டர்கள். அவை கசிவது அரிது. பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டு, சிஸ்டம் 6 போட்டால், எழுத்து வேலைக்குப் படு சுறுசுறுப்பாக ஓடும். பழைய எஸ்இ போர்டுகள் சிலவற்றில் பேட்டரியை நேரடியாகச் சால்டர் செய்திருப்பார்கள், அதை மட்டும் யாரையாவது வைத்துக் கழற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பிளாப்பியும் தேவை என்றால் 1.44 எம்பி டிரைவ் வந்த பிந்தைய எஸ்இயாகப் பார்த்து எடுக்கட்டும்.

எஸ்இ/30தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால், விற்பவரிடம் ரீகேப் ஆயிற்றா என்று கேட்க வேண்டாம். மூடியைத் திறந்து, ஒலி சிப்புகளைச் சுற்றியுள்ள பகுதியைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று கேட்கட்டும். அந்தச் சிப்புகளின் கால்கள் பளிச்சென்று இருந்தால் என்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.