ஏழு வருடம் காசு கட்டிய ஆன்டிவைரஸும் இரண்டரை வருட டிஃபெண்டரும்

போன வாரம் மச்சான் போன் செய்தார். "மாப்ளே, விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் வராதாமே. 1,800 ரூபாய்க்கு மூணு வருஷ ஆன்டிவைரஸ் போட்டாப் போதும், ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரர் சொல்றார். போடட்டுமா, இல்ல விண்டோஸ்லயே சும்மா வர்றதே போதுமா?"

சமீபத்தில் இதைக் கேட்ட மூன்றாவது ஆள் அவர். அதனால் என் வீட்டு அனுபவத்தை முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 2016-இல் வாங்கிய டெஸ்க்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். வாங்கும்போதே கடையில் ஒரு வருட ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் இரண்டு தடவை மூன்று மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தேன். ஆக ஏழு வருடம். 2023 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டேன். அன்று முதல் விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் என்கிற ஆன்டிவைரஸ்தான்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டண ஆன்டிவைரஸ் தன் வேலையில் ஒருநாளும் தவறவில்லை. 2017-இல் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவைச் செருகினால், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. அதில்தான் அப்பாவின் பென்ஷன் காகிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஆன்டிவைரஸ் அந்த வைரஸை அழித்ததோடு, மறைந்துபோன ஃபோல்டர்களையும் பழையபடி காட்டிக் கொடுத்தது. ஒருமுறை ஏதோ குழப்பம் வந்தபோது அவர்களின் உதவி எண்ணில் ஒரு தம்பி முக்கால் மணி நேரம் பொறுமையாகத் தமிழில் பேசிச் சரிசெய்து கொடுத்தார். ஏழு வருடத்தில் ஒரு கோப்பு போனதில்லை.

ஆனால் வலது பக்க அடி மூலையில் வந்து நிற்கும் அந்தச் சிவப்புப் பெட்டி!

சந்தா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடும். முதலில் நாளுக்கு ஒரு தடவை, போகப் போகக் கணினியைத் திறக்கும்போதெல்லாம். 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்கிற தொனியில்தான் பேசும். இத்தனைக்கும் சந்தா அப்போது உயிரோடுதான் இருக்கும். மூடினால் நாளைக்கு வரும். அமைப்புகளில் போய் நிறுத்தலாம் என்றால், சலுகை விளம்பரங்களை நிறுத்த வழி இருந்தது, புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பை நிறுத்த எனக்குத் தெரிந்து வழியே இல்லை.

2023 ஆகஸ்டில் மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு. சாய்ஸ் ஃபில்லிங்குக்குக் கடைசி நாள் மாலை. கல்லூரிப் பட்டியலை வரிசை மாற்றிக்கொண்டிருந்தாள். சரியாக அந்த நேரத்தில் சிவப்புப் பெட்டி எழும்பி வந்து பக்கத்தின் அடிப்பகுதியை மறைத்தது. பதற்றத்தில் அதையே அழுத்திவிட்டாள். பணம் கட்டச் சொல்லும் பக்கம் தனியாகத் திறந்தது, பின்னாலேயே ஒரு ஸ்கேனும் ஓட ஆரம்பித்தது. பழைய ஹார்டு டிஸ்க் வேறு, கணினி அப்படியே உறைந்து நின்றது. "அப்பா, வைரஸ் வந்துடுச்சு" என்று அழுதுகொண்டே கத்தினாள். என் போனில் மறுபடி உள்நுழைந்து பட்டியலைச் சேமித்தபோது மணி நான்கே முக்கால்.

அன்று இரவே எடுத்துவிட்டேன். இன்னும் 41 நாள் சந்தா பாக்கி இருந்தது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுப் பிள்ளையைப் பயமுறுத்தித்தான் அடுத்த காசை வாங்க வேண்டும் என்றால், அந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம். இதை எழுதும்போதும் அந்தக் கோபம் குறையவில்லை.

எடுத்து முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் தானாகவே விழித்துக்கொண்டது. வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை அது ஒதுங்கி இருக்கும், அந்த ஆன்டிவைரஸ் போனதும் டிஃபெண்டர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே இது முழு ஆன்டிவைரஸாக உள்ளே இருக்கிறது. அந்தக் காலத்தில் இதைச் சோப்ளாங்கி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இன்றைக்கு ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்களின் பட்டியலில் கட்டண மென்பொருள்களோடு சேர்ந்துதான் நிற்கிறது.

இரண்டரை வருடத்தில் அது என்னிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

குறைகளும் இருக்கின்றன. போன வருடம் மறுபடி ஒரு ஜெராக்ஸ் கடை பென் டிரைவ். வைரஸை உடனே பிடித்துவிட்டது, ஆனால் மறைந்த ஃபோல்டர்கள் மறைந்தபடியே இருந்தன. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில், மறைந்ததை மறுபடி காட்டவைக்கும் அட்ரிப் (attrib) கட்டளையைப் போட்டு நானே மீட்டேன். இது தெரியாதவர், கோப்பு எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைப்பார். முழு ஸ்கேன் போட்டால் என் டிஸ்கில் அரை நாள் ஆகிறது. கோப்புகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரைத் தடுக்க ஃபோல்டர்களைப் பூட்டும் வசதி உண்டு, ஆனால் அதை நாமே போய் இயக்க வேண்டும். இயக்கினால் மனைவியின் பழைய பில் மென்பொருளையும் சேர்த்துத் தடுத்தது. அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. உதவிக்குக் கூப்பிட ஒரு தம்பியும் கிடையாது. நாள் முழுக்க ஊரார் பென் டிரைவைச் செருகும் கடைக்காரர் என்றால் கட்டண மென்பொருளையே வாங்கச் சொல்வேன்.

'அப்படியானால் வேறு இலவச ஆன்டிவைரஸ் போடலாமே' என்பவர்களுக்கு ஒரு விஷயம். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்கிற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளியே வந்து, 2020 ஜனவரியில் அந்தத் துணை நிறுவனத்தையே மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. எந்த மருத்துவத் தளத்தைப் பார்த்தோம், எந்த வேலைக்கு விண்ணப்பித்தோம் என்பதெல்லாம் உலாவல் விவரத்தில் இருக்கும். விண்டோஸிலேயே ஒன்று இருக்கும்போது அதற்கு மேல் இன்னொரு இலவசத்தைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை.

இனி கடைக்காரர் மச்சானிடம் சொன்னது. அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். 2017 மே 12 அன்று வானாக்ரை ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தில் மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் அப்டேட் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்திருந்தால் அதைச் சரிசெய்வது அவர் வேலை அல்ல. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 1,800 ரூபாய் ஆன்டிவைரஸ் அந்த அப்டேட்டுகளைக் கொண்டுவந்து தராது.

அதற்கு மைக்ரோசாஃப்டே ஒரு வழி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் காசில்லாமல் வரும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிந்துகொள்ளலாம். என் ஐ3-க்கு விண்டோஸ் 11 போகாது என்பதால் நானும் அப்படித்தான் பதிந்திருக்கிறேன். டிஃபெண்டர் புது வைரஸ்களை இனம்காண உதவும் அடையாளப் பட்டியல் விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை வரும்.

வசதிகளை வரிசையாக எழுதி மதிப்பெண் போட்டால் என் பழைய கட்டண ஆன்டிவைரஸ்தான் ஜெயிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் திரும்ப வாங்க மாட்டேன். மச்சானிடமும் வேண்டாம் என்றே சொன்னேன். அந்த 1,800-ஓடு இன்னும் கொஞ்சம் போட்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, கல்யாண போட்டோக்களை அதில் ஏற்றிவிட்டுக் கழற்றி வைக்கச் சொன்னேன். 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு நிறுவவும்' என்று வரும் கிராக் விளையாட்டுகளைப் பையன் போடாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அந்த அப்டேட் பதிவைச் செய்துகொடுக்க வேண்டும். வாங்கும்போதே கூட வந்த ஒரு ஆன்டிவைரஸ் சோதனைப் பதிப்பு காலாவதியாகி அங்கேயே கிடக்கிறதாம். "அது தினமும் சிவப்பா ஒண்ணு காட்டுது மாப்ளே, நான் மூடி மூடி விட்டுடறேன்" என்றார். முதலில் அதை எடுக்கிறேன்.